மூக்கக்கா பெயர் சொல்லாத மரம்

விறகுக்கடைக்காரிக்கு வாசனை போய் இருபத்திரண்டு நாளாகியிருந்தது. மூக்கென்னவோ முகத்தில் எப்போதும்போல எடுப்பாகத்தான் இருந்தது. காய்ச்சலும் சளியுமாக ஒரு வாரம் படுத்துக் கிடந்து எழுந்தவள், முதல் நாள் காலையில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, தூள் போட மறந்துவிட்டாயா என்று நாத்தனாரைச் சத்தம் போட்டாள். நாத்தனார் தம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்து, "திக்காத்தானே இருக்கு அண்ணி?" என்றாள். "காய்ச்சல் வாய், அப்படித்தான் இருக்கும்" என்று சமாளித்து, மீதியை மருந்து மாதிரி விழுங்கிவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

கடையில் நான்கு குவியல் இருந்தது. வேம்பு, கருவேலம், மா, சவுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டையை எடுத்து, நகத்தால் பட்டையைச் சுரண்டி, மூக்கில் வைத்து இழுத்தாள். நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. காற்றை முகர்ந்த மாதிரி. கட்டையை அவசரமாகக் குவியலிலேயே திரும்ப வைத்தாள்.

பயம் வராமல் என்ன செய்யும்? ஊர் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டது. ஒரு மரச்சிம்பைக் கிள்ளி முகர்ந்தால் போதும், என்ன மரம், வெட்டி எத்தனை மாதம், மழையில் கிடந்ததா, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவாள். லோடு கொண்டுவருகிறவர்கள் அவளிடம் ஜம்பம் பேசமாட்டார்கள். பேக்கரிக்காரர், சலவைக்கடைக்காரி, செங்கல் சூளைக்காரர், எல்லோரும் மற்ற கடைகளைத் தாண்டி இங்கே வருவது அந்த மூக்கை நம்பித்தான். அந்த மூக்கு படுத்துவிட்டது என்று தெரிந்தால் யார் வருவார்கள்? அதனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாரத்தில் ஐந்து நாள் லாரியில் போய்விடுகிற புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

நாத்தனாரிடம் சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. புருஷனோடு ஒத்துப்போகாமல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியும் ஒரு மிக்சியுமாக அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் நாத்தனார். கெட்டிக்காரி, வாய்த்துடுக்கு. கடையில் தராசை அவளிடம் விட்டிருந்தாள் மூக்கக்கா. தராசைத் தாண்டி ஒரு சுள்ளியைப்பற்றிக்கூட அவளை அபிப்பிராயம் சொல்ல விட்டதில்லை.

இருபத்தொரு நாள் ஒருவழியாக ஓட்டினாள். தெரிந்த மரங்கள், தெரிந்த ஆட்கள். பட்டையைப் பார்த்தும், எடையைக் கையில் தூக்கிப் பார்த்தும், இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டி ணங்கென்கிறதா தொப்பென்கிறதா என்று கேட்டும் சமாளித்தாள். பார்க்கிறவர்களுக்காக ஒரு தடவை மூக்கிலும் வைத்துக்கொள்வாள். அது வெறும் நடிப்பு.

இருபத்திரண்டாம் நாள் காலை பேக்கரி மாஸ்டர் வந்தார். கையில் ரொட்டி சுற்றுகிற காகிதத்தில் பொதிந்த ஒரு மரச்சீவல்.

"அக்கா, இது என்ன மரம்னு சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல ஒரு பெரிய மரம் காத்துல விழுந்து கிடக்கு. அப்புறப்படுத்துறவங்க எடுத்துக்கலாம்னு பெரிய டீச்சர் சொல்றாங்க. அடுப்புக்கு ஆகும்னா நான் எடுத்துக்கிறேன்."

மாஸ்டரின் அடுப்பு சாதாரண அடுப்பல்ல. செங்கல்லில் கூண்டு மாதிரி கட்டியது. உள்ளே தரையில் விறகை எரித்து, தணலை வாரிவிட்டு, அதே சூட்டுத் தரையில் ரொட்டியை வைத்துச் சுடுவார். விறகின் குணம் அப்படியே ரொட்டியில் இறங்கும். ஒரு தடவை அவசரத்துக்குப் பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டங்களை எரித்துவிட்டு, ஒரு மாதம் தெருவில் தலை காட்டமுடியாமல் இருந்தவர் அவர். அன்றிலிருந்து மூக்கக்கா சரி என்று சொல்லாத ஒரு குச்சியையும் உள்ளே விடுவதில்லை.

மூக்கக்கா சீவலை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு, நீளமாக இழுத்தாள். மாஸ்டர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனாரும் தராசிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"சீவலை வச்சு என்ன சொல்றது மாஸ்டர்?" என்றாள் மூக்கக்கா. "பொண்ணு நகத்தைக் காட்டி ஜாதகம் கேக்குற மாதிரி இருக்கு. மரத்தைப் பாக்கணும்."

"போன வருஷம் இதைவிடச் சின்னதைப் பாத்துட்டு உடனே சொன்னீங்களே?"

"அது வேற. இது வேற. வாங்க போகலாம்."

"நானும் வரேன்" என்றாள் நாத்தனார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் யோசிப்பதற்குள் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. முற்றம் வெறிச்சென்று கிடந்தது. சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகை மேல் சாய்ந்து அதை அப்பளமாக நொறுக்கிவிட்டு, சுவரோரம் நீளமாகப் படுத்திருந்தது மரம். மூக்கக்கா காய்ச்சலில் கிடந்த வாரம் அடித்த காற்றில் விழுந்தது. மின்கம்பியில் மாட்டிய கிளைகளையெல்லாம் மின்சார ஆட்கள் வந்து கழித்து, இலை தழையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். மிச்சம் அடிமரம் மட்டும். இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். ஒரு முனையில் வேரும் மண்ணும் ஒரு அறை உயரத்துக்கு எழும்பி நின்றது.

பெரிய டீச்சர் கையில் ஒரு தாளோடு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி, "நல்லவேளை வந்தீங்க. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. அதுக்குள்ள இது போயாகணும். மேலே அனுப்புற படிவத்துல மரத்தோட பேரை எழுதணும். இத்தனை வருஷமா இங்க வேலை பாக்குறேன், பேர் தெரியலைன்னு எழுத வெக்கமா இருக்கு. சயின்ஸ் சாரைக் கேட்டா போட்டோவைப் பாத்து மூணு பேர் சொல்றார்" என்றார்.

மரத்தடியில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனைக் கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, "நிழல் நல்லா இருக்கும்ங்க" என்றார்.

"மரத்தோட பேரைக் கேட்டோம்."

"அதான். நிழல் மரம்."

"இலை எப்படி இருக்கும்?" என்று மூக்கக்கா கேட்டாள்.

"பொடிப் பொடியா இருக்கும், வாரியல்ல கூட்டினா நிக்காது. அப்புறம் பெரிய இலையும் விழும், உள்ளங்கை அகலத்துக்கு."

"எது? பொடியா, பெருசா?"

"ரெண்டும்தான்."

"ஒரு மரம் எப்படிய்யா ரெண்டு இலை போடும்?"

"அது மரத்தைத்தான் கேக்கணும். நான் கூட்டுறவன்" என்றார் வாட்ச்மேன். பெரிய இலையைப் பக்கத்துச் சுற்றுச்சுவருக்கு அந்தப்புறமிருந்து காற்று கொண்டுவந்திருக்கும் என்று தான் நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். சுவருக்கு அந்தப்புறம் மரமே இல்லை.

மூக்கக்கா கொண்டுவந்திருந்த கைக்கோடாலியை எடுத்துக்கொண்டு நுனிப்பக்கம் போனாள். மின்சார ஆட்கள் அறுத்த இடத்தில் வெட்டுவாய் தெரிந்தது. நடுவில் கருஞ்சிவப்பாக வயிரம் பாய்ந்த உள்மரம். பட்டை கறுத்து, சொரசொரவென்று வெடித்திருந்தது. ஒரு சிம்பு பிளந்து கையில் வைத்துப் பார்த்தாள். கனம். கோடாலி பட்ட இடம் ணங்கென்றது. அவளுக்கு உயிர் வந்தது. இதற்கு மூக்கு எதற்கு?

"புளி" என்றாள். குரல் பழைய குரலாக வந்தது. "நல்ல புளி. மாஸ்டர், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம். புளி மாதிரி தணல் நிக்கிற விறகு இந்தப் பக்கத்துல கிடையாது."

மாஸ்டர் முகம் மலர்ந்தது. பெரிய டீச்சர் பேனாவைத் திறந்தார். அதோடு கிளம்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நிச்சயம் செய்துகொள்வது அவள் பழக்கம். அடிப்பக்கம் போய், வேருக்கு நாலு முழம் தள்ளி இன்னொரு கொத்து கொத்தினாள்.

பால் வந்தது.

வெள்ளையாக, சொட்டுச் சொட்டாக, கோடாலி அலகில் வழிந்தது. மூக்கக்கா அதைப் பார்த்தபடி நின்றாள். பட்டையைத் தடவினாள். வழவழவென்று சாம்பல் நிறம். மரம் வெளுப்பு. சிம்பைத் தூக்கினாள், பஞ்சு மாதிரி இருந்தது.

"புளியில பால் வருமா அக்கா?" என்று மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

"வராது."

"அப்ப இது?"

"இது... அத்தி வகை மாதிரி இருக்கு."

"இப்பதான் புளின்னீங்க."

"அது அங்க."

"மரம் ஒண்ணுதானே அக்கா?"

அவள் கோடாலியைத் துடைத்தாள். நுனிக்குப் போனாள். புளி. அடிக்கு வந்தாள். பால். நடுவில் கொத்தினாள். மேலே வழவழப்பும் வெளுப்புமாக இருந்தது, ஆனால் கோடாலி கனமாக எதிலோ மோதி எம்பியது. அவளுக்குத் தலை கால் புரியவில்லை. இருபத்தைந்து வருஷமாக மரத்தோடு மல்லாடுகிறவள், ஒரே மரத்தைப் பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் சொல்லி அழைத்துவிட்டாள். வாசனைதான் போயிற்று என்று நினைத்தோமே, கண்ணும் கையும்கூடக் காலை வாருகிறதா? காய்ச்சல் தலைக்குள் போய் ஏதாவது செய்துவிட்டதா? பால் வடிகிற மரத்தில் எல்லாமே நல்லதில்லை. சிலதை எரித்தால் புகை கண்ணைக் கெடுத்துவிடும். அந்தப் புகையில் வெந்த ரொட்டியை ஊர் தின்னும். நினைக்க நினைக்கக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

"கொஞ்சம் உக்காந்து யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கழிவறைப் பக்கம் இருந்த சிமெண்டுப் படியில் போய் உட்கார்ந்தாள். மாஸ்டரும் பெரிய டீச்சரும் கூடவே நாலு அடி வந்தவர்கள், ஏனோ அப்படியே பின்வாங்கி எதிர்ச்சுவரோரம் போய் நின்றார்கள். டீச்சர் புடவைத் தலைப்பால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டார். தன்னைப் பார்த்துச் சிரிப்பை மறைக்கிறார் என்று மூக்கக்கா நினைத்தாள். முகம் சுருங்கியது.

நாத்தனார் மட்டும் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு கிட்டே வந்தாள்.

"அண்ணி, உங்களுக்கு இங்க நாத்தம் அடிக்கலையா?"

"அடிக்குதே."

"என்ன நாத்தம்?"

மூக்கக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். கழிவறைக் கதவு. பக்கத்தில் சாக்கடை மூடி. "சாக்கடை" என்றாள்.

நாத்தனார் குனிந்து அவள் முகத்தையே பார்த்தாள். "பினாயில், அண்ணி. வாட்ச்மேன் முழு பாட்டிலைக் கவுத்துக் கொட்டியிருக்கார். நீங்க உக்காந்திருக்கிற படியே பினாயில்ல ஊறிக் கிடக்கு. எனக்குக் கண்ணெல்லாம் எரியுது."

மூக்கக்கா கையால் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். கண்ணும் எரியத்தான் செய்தது. அழுகை வருவதால் எரிகிறது என்று நினைத்திருந்தாள்.

"எத்தனை நாளா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"மூணு வாரம். காய்ச்சல் விட்டதிலிருந்து."

"மூணு வாரமா!" நாத்தனாருக்கு முதலில் வந்தது கோபம்தான். "அன்னைக்குப் பால் கருகிப்போய் வீடே புகையா நாறுச்சு, நீங்க அடுப்புப் பக்கத்துலயே நின்னுட்டு, நான் கவனிக்கலைன்னு என்னைத் திட்டினீங்க. நானும் என் தப்புதான்னு நினைச்சு ராத்திரி சாப்பிடாம படுத்தேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லி?"

"சொல்லி என்னவா? நான் என்ன மூணாம் மனுஷியா?"

மூக்கக்கா புடவையின் ஈரத்தைப் பிழிந்தாள். பிறகு, "சொன்னா அப்புறம் கடையில நான் எதுக்கு?" என்றாள். அது அவ்வளவு சின்னக் குரலில் வந்ததால் நாத்தனாருக்கு மேலே திட்ட மனசு வரவில்லை. முழங்கையைப் பிடித்துப் படியிலிருந்து எழுப்பினாள்.

"எழுந்திரிங்க. என் மூக்கு நல்லாத்தான் இருக்கு. நான் முகர்ந்து சொல்றேன். நீங்க எதுன்னு கண்டுபிடிங்க."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் மரத்தை ஆராய்கிற பாவனையில் நுனிப்பக்கம் போய்க் குனிந்தார்கள். நாத்தனார் சிம்பை மூக்கில் வைத்து மார்பு நிறைய இழுத்தாள்.

"சொல்லு."

"மர வாசனை."

"அது எனக்குத் தெரியாதா? என்ன மாதிரி மர வாசனை?"

"மரம் மாதிரி மர வாசனை. வேற எப்படிச் சொல்றது?"

"புளிச்ச வாடை வருதா? கசப்பா? இனிப்பா?"

"ரொம்ப நாள் திறக்காத பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கு. துணி வச்ச பெட்டி இல்ல. காகிதம் வச்ச பெட்டி."

மூக்கக்கா விழித்தாள். காகிதப் பெட்டி என்ன மரம்? தன் ஞாபகத்தில் இருக்கிற புளி வாசனையை இழுத்துப் பார்த்தாள். அதற்கு வார்த்தையே இல்லை. இத்தனை வருஷம் புளியை முகர்ந்தால் புளி என்றுதான் தெரிந்ததே தவிர, அது எதைப் போல என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை.

அடிப்பக்கம் போனார்கள்.

"இது?"

"பச்சைக் காய் நறுக்கின கத்தி. கழுவாம வச்ச கத்தி."

"நடுவுல?"

நாத்தனார் முகர்ந்தாள். திரும்ப முகர்ந்தாள். "மேல கத்தி. நீங்க ஆழமா கொத்தின இடத்துல பெட்டி" என்றாள். "அண்ணி, எனக்குக் குழப்பமா இருக்கு."

"உனக்கே குழப்பமா இருந்தா என் கதி என்ன ஆகுறது?"

ஆனால் ஒரு விஷயம் மூக்கக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கண்ணும் கையும் பொய் சொல்லவில்லை. அடியில் ஒன்று, நுனியில் ஒன்று என்று நாத்தனாரின் மூக்கும் அதைத்தான் சொல்கிறது. அப்படியென்றால் குழப்பம் தன் தலைக்குள் மட்டும் இல்லை. மரத்திலேயே இருக்கிறது. ஆனால் அது எப்படி என்றுதான் பிடிபடவில்லை.

அவள் மாஸ்டரிடம் போனாள். "மாஸ்டர், எனக்குத் தெரியல" என்றாள்.

மாஸ்டர் அதை நம்பவில்லை. "விளையாடாதீங்க அக்கா."

"விளையாடல. என்ன மரம்னு எனக்குத் தெரியல. இன்னொண்ணும் சொல்லிடுறேன். காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனையும் தெரியல. மூணு வாரமா கண்ணை வச்சுத்தான் சொல்லிட்டிருந்தேன்."

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். மூன்று வாரமாகத் தான் எரித்த விறகையெல்லாம் ஒருமுறை மனசுக்குள் எரித்துப் பார்த்திருப்பார் போல. "என் ரொட்டிக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் கடைசியில், தனக்குத்தானே.

"உங்களுக்குக் குடுத்தது எல்லாம் தெரிஞ்ச லோடு. இதைத்தான் என்னால சொல்லமுடியல."

"ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்களேன் அக்கா. நீங்க சொன்னா நான் நம்பிக்கிறேன்."

"நீங்க நம்பிருவீங்க. அதான் பயமா இருக்கு. அறுத்துப் பாப்போம். நடுவுல அறுத்தா என்னதான் இருக்குன்னு தெரிஞ்சுடும். உங்களுக்கு ஆகலைன்னா, அறுத்ததை அப்புறப்படுத்துறது என் பொறுப்பு."

மோட்டார் ரம்பக்காரர் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார். அவரும் வந்ததும் மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, தன் பங்குக்கு ஒரு பெயர் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரம்பம் உறுமியது. முதலில் வெள்ளைத் தூள் பறந்தது. சாண் ஆழம் போனதும் ரம்பத்தின் சத்தம் மாறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிற மாதிரி கீச்சென்றது. பறந்த தூள் செம்பழுப்பானது. ரம்பக்காரர் நிறுத்தி, "உள்ள என்ன இரும்பு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். பிறகு மறுபடி வெள்ளைத் தூள்.

துண்டு புரண்டு விழுந்தது. எல்லோரும் குனிந்தார்கள்.

வெட்டுவாயில் ஒரு மரத்துக்குள் இன்னொரு மரம் இருந்தது. வெளியே வெளுத்த மரம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஏழெட்டு விரல்கள் மாதிரி சுற்றிலும் இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பிடிக்குள் கருஞ்சிவப்பாக, வேறொரு மரம். அதற்குத் தன் சொந்தப் பட்டைகூட இருந்தது. அந்தப் பட்டை இரண்டுக்கும் நடுவில் நசுங்கி ஒரு கறுப்புக் கோடாக ஓடியது.

ரம்பக்காரர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

மூக்கக்காவுக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. இப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பறவை எச்சத்தில் விழுந்த விதை இன்னொரு மரத்தின் கவட்டையில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, தாங்குகிற மரத்தைச் சுற்றிக்கொள்ளும். சுவரிலும் கூரையிலும் முளைத்ததை நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனால் இலையும் கிளையும் இல்லாமல் இப்படித் தரையில் கிடக்கும்போது அது தோன்றவே இல்லை. நுனிப்பக்கம் புளி தனியாக மேலே போயிருக்கிறது, நெருக்கத்தில் காய்க்காமல்; காய்த்திருந்தால் பிள்ளைகளே பெயர் சொல்லியிருப்பார்கள். அடிப்பக்கம் அத்தியின் வேர்கள் இறங்கி மூடிவிட்டன. வேர்ப்பக்கம் வெட்டுவாய் இல்லாததால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

"ரெண்டு இலைன்னு சொன்னேன்ல?" என்றார் வாட்ச்மேன், வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

பெரிய டீச்சர் தாளைப் பார்த்தார். "இதுல ஒரே ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு. எத்தனை மரம் விழுந்ததுன்னு வேற கேட்டிருக்கு. நான் ஏற்கெனவே ஒண்ணுன்னு எழுதிட்டேன்."

"விழும்போது ஒரு சத்தம்தாங்க கேட்டுச்சு" என்றார் வாட்ச்மேன்.

அதைப்பற்றிப் பத்து நிமிஷம் விவாதம் நடந்தது. ஒரு வேர்க்குழிதான் என்றார் மாஸ்டர். இரண்டு மரத்துக்கும் வேர் உண்டு என்றார் ரம்பக்காரர். கடைசியில் டீச்சர் ஒன்று என்பதை அடிக்காமல், பெயர் என்ற இடத்தில் பொடி எழுத்தில் "புளி, அதைச் சுற்றி அத்தி வகை" என்று எழுதினார். எழுதிவிட்டு அவருக்கே திருப்தி இல்லை. மேலேயிருந்து கேள்வி எதுவும் வராமலிருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

மூக்கக்கா இப்போது வேலையில் இறங்கினாள். இதுவரை மரம் என்ன என்பதில் கிடந்த மனசு, மரம் எதற்கு ஆகும் என்பதற்கு வந்ததும் தானாக நிமிர்ந்துகொண்டது. உள்ளிருந்த வயிரத்தில் கோடாலி நுனியால் நாலு இடம் குத்திப் பார்த்தாள். மூன்று இடம் கெட்டி. ஒரு பக்கம் மட்டும் நெருக்கத்தில் செத்து, மக்கி, விரலால் கிள்ளினால் உதிர்ந்தது.

"மாஸ்டர், வெளி மரம் உங்களுக்கு வேண்டாம். எரியும், ஆனா புகைஞ்சு புகைஞ்சு எரியும், தணல் நிக்காது. சலவைக்கடையில வெந்நீர்க் கொப்பரைக்குப் போதும். உள் மரம் உங்களுக்கு. மக்கின பக்கத்தை ஒதுக்கிட்டா, உங்க அடுப்புக்கு நாப்பது நாள் வரும். ஆனா இப்ப இல்ல. பிளந்து, காத்தோட்டமா அடுக்கி, ஆறு மாசம் காயணும். அவசரப்பட்டா ரொட்டி வேகாது, நீங்கதான் வேகுவீங்க."

"நாப்பது நாள்னு எப்படி அக்கா சொல்றீங்க, மூக்கு இல்லாம?"

"நாளை மூக்கால எண்ணுறதில்ல மாஸ்டர்" என்றாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. போகும்போது, "டாக்டரைப் பாருங்க அக்கா. என் மச்சினனுக்கும் இப்படித்தான் போச்சு" என்றார்.

"திரும்ப வந்துச்சா?"

"கொஞ்சம் வந்துச்சு. ஆனா எல்லாம் மாறி வந்துச்சுங்கிறான். சோப்பை முகர்ந்தா வெங்காயங்கிறான்." அதை ஆறுதலாகச் சொன்னாரா எச்சரிக்கையாகச் சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. வாட்ச்மேன் வாய் சும்மா இருக்குமா? சலவைக்கடைக்காரி வந்து, விசாரித்துவிட்டு, வழக்கமாக எடுப்பதில் பாதி எடுத்துக்கொண்டு போனாள். செங்கல் சூளைக்காரர் எப்போதும்போல எடுத்தார். ஒருவர் வரவே இல்லை. அது மூக்கு போனதாலா, அவர் மகள் கல்யாண வேலையாலா என்று தெரியவில்லை. மூக்கக்கா வாசலைப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இரண்டு நாள் கழித்தாள். டாக்டரிடமும் போய்வந்தாள்; அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. தினமும் காலையும் மாலையும் நாலு வாசனையை முகர்ந்து பழக்குங்கள், வரலாம், வராமலும் போகலாம் என்றார். அவள் வேம்பு, கருவேலம், மா, சவுக்கு நான்கிலும் ஒரு சிம்பு எடுத்து நாலு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டாள். சில காலைகளில் கருவேலத்தில் ஏதோ இருக்கிற மாதிரி இருக்கும். இன்னொரு தடவை முகர்ந்தால் இருக்காது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்து மரம் பிளந்து வந்து இறங்கியது. கடை முற்றம் நிறையக் குவிந்தது. வெளுப்பை ஒரு பக்கம், சிவப்பை ஒரு பக்கம் என்று அண்ணியும் நாத்தனாரும் தரம் பிரிக்க உட்கார்ந்தார்கள். நாத்தனார் ஒவ்வொன்றாக முகர்ந்து, "கத்தி... பெட்டி... பெட்டி... கத்தி" என்று சொல்லச் சொல்ல, மூக்கக்கா கையால் எடை பார்த்துத் தூக்கிப் போட்டாள். இரண்டு பேரும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் சண்டை.

"இது பெட்டி அண்ணி."

"லேசா இருக்குடி. கத்தியாத்தான் இருக்கும்."

"மக்கின பெட்டி. நல்லா முகர்ந்து பாத்துட்டேன்."

மூக்கக்கா அதை நகத்தால் சுரண்டினாள். உதிர்ந்தது. "ஆமா" என்று ஒப்புக்கொண்டு மக்கியதோடு போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, எதிரே பார்க்காமல், "அந்தக் காகிதப் பெட்டி, எங்க இருந்தது?" என்று கேட்டாள்.

"அந்த வீட்டுல. அவரோட அப்பா பழைய கடிதாசி வச்சிருந்த பெட்டி. நான்தான் திறந்து துடைப்பேன்." இரண்டு வருஷத்தில் அந்த வீட்டைப்பற்றி நாத்தனார் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. மூக்கக்கா மேலே தூண்டவில்லை. ஆனால் புளி என்றால் இனிமேல் தனக்கு அந்தப் பெட்டிதான் என்று நினைத்துக்கொண்டாள். பார்த்தேயிராத ஒரு பெட்டி. அதன் நிறம்கூடத் தெரியாது.

கடைசியில் பதினைந்து இருபது துண்டுகள் மிச்சம் விழுந்தன. ஒரே துண்டில் பாதி வெளுப்பு, பாதி சிவப்பு. நடுவில் கறுப்புக் கோடு. கோடாலியால் பிரித்துப் பார்த்தார்கள். எங்கே அடித்தாலும் கோட்டைத் தவிர மற்ற இடத்தில் பிளந்தது.

"இது எந்தப் பக்கம் அண்ணி?"

மூக்கக்கா ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாஸ்டருக்குக் கொடுத்தால் புகையும். சலவைக்குக் கொடுத்தால் நல்ல வயிரம் வீண்.

"தெரியலடி" என்றாள்.

"எனக்கும் தெரியல."

"சரி, அந்த மூலையில தனியா அடுக்கு."

நாத்தனார் அடுக்கத் தொடங்கினாள். மூக்கக்கா தராசுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, மூலையில் இருந்த குவியலைக் காட்டி, "அது என்ன விறகு?" என்று கேட்டார். மூக்கக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் மூக்கக்காவைப் பார்த்தாள். இரண்டு பேருமே மற்றவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.